மெட்கோ போன்ற பள்ளி ஒருங்கிணைப்புத் திட்டத்தைச் சட்டமன்ற ஆணையம் வழியாக மறுஆய்வு செய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துப் பிள்ளைகள் சுமார் 3,000 பேர் ஒவ்வொரு பள்ளி நாளும் அதிகாலையில் பேருந்து ஏறி, தாங்கள் குடியிருக்காத புறநகர் ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்குப் படிக்கச் செல்கிறார்கள். மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்திலும் இதே ஏற்பாடு சிறிய அளவில் நடக்கிறது. ‘கல்வி வாய்ப்புக்கான பெருநகர மன்றம்’ என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக மெட்கோ என்று அழைக்கப்படும் இத்திட்டம் 1966இல், 220 மாணவர்களோடும் ஏழு புறநகர்ப் பள்ளி மாவட்டங்களோடும் (ஊர்களின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்) தொடங்கியது. எந்த நீதிமன்றமும் இதற்கு உத்தரவிடவில்லை. பிள்ளையை அனுப்பும் குடும்பம், ஏற்றுக்கொள்ளும் ஊர், பணம் தரும் மாநிலம் ஆகிய மூன்று தரப்பின் சம்மதத்தில்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது நடந்து வருகிறது.

இத்தகைய திட்டமொன்றை மறுஆய்வு செய்யச் சட்டமன்றம் சிறப்பு ஆணையம் அமைக்கும்போது, அதில் உறுப்பினராகவோ, உதவி அலுவலராகவோ, சாட்சியம் சொல்ல வரும் பெற்றோராகவோ முதன்முறை நுழைபவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்பட்டுள்ளது. லெக்சிங்டன் போன்ற ஊர்களில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதில் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். அவ்வூர்ப் பள்ளிகளில் இன்று ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளே மிகப்பெரிய பிரிவினர் என்பதால், ‘ஏற்றுக்கொள்ளும் ஊர்’ என்ற சொல்லுக்குள் நாமும் வந்துவிடுகிறோம்.

முதலில் மூலச் சட்டத்தைப் படியுங்கள்

மறுஆய்வு என்றதும் பலரும் தேர்வு மதிப்பெண்களைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன், திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று சட்டமே சொல்வதைப் படிக்க வேண்டும். மாநிலக் கல்வி ஆணையர் ஓவன் கியர்னன் அமைத்த ஆலோசனைக் குழு 1965இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, அதே ஆண்டு இனச் சமனின்மைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பள்ளியில் வெள்ளையர் அல்லாத மாணவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் அப்பள்ளி சமனற்றது என்பது அச்சட்டத்தின் வரையறை. பாஸ்டன் பள்ளிக் குழு அந்தச் சட்டத்தை நிறைவேற்ற மறுத்து இழுத்தடித்தது. அந்த நிலையில் ரூத் பேட்சன் போன்ற கறுப்பினத் தலைவர்கள் புறநகர்க் கல்வியாளர்களோடு பேசி உருவாக்கிய மாற்று வழியே மெட்கோ. தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளையும் கூட்டாட்சி அரசும் பணம் கொடுத்தன. பின்னர் மாநிலம் பொறுப்பேற்றது. இனச் சமனின்மையைக் குறைக்க ஓர் ஊரின் பிள்ளைகள் மற்றோர் ஊரின் பள்ளியில் விருப்பத்தின்பேரில் படிக்கலாம் என்பதற்கான சட்ட ஏற்பாடு, மாநிலப் பொதுச் சட்டங்களின் 76ஆம் அத்தியாயத்தில் 12ஏ பிரிவாக இருக்கிறது.

இந்த வாசகத்தைப் படித்துவிட்டு இன்றைய பாஸ்டனைப் பார்த்தால் முதல் சிக்கல் தெரியும். நகரின் பொதுப் பள்ளி மாணவர்களில் வெள்ளையர் இப்போது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. 1965ஆம் ஆண்டு அளவுகோலை வைத்தால் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளுமே சமனற்றவையாகிவிடும். புறநகர்களும் பழைய வெள்ளையர் புறநகர்களாக இல்லை. ஆகவே, ‘ஒருங்கிணைப்பு’ என்பதை இனி எந்த அளவுகோலால் அளப்பது என்று ஆணையம் முதல் கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால், ஒருவர் இன விகிதத்தையும் மற்றொருவர் கல்லூரிச் சேர்க்கையையும் மூன்றாமவர் வரிப் பணத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் பயன்படுத்திக் கடைசி வரை வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆணையத்தின் பணிவரம்பை வரிவரியாகப் பாருங்கள்

மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் பெயர் ‘ஜெனரல் கோர்ட்’. பெயரைக் கேட்டு நீதிமன்றம் என்று எண்ணிவிட வேண்டாம். 160 பிரதிநிதிகளும் 40 செனட்டர்களும் கொண்ட சட்டமன்றம்தான் அது. சிறப்பு ஆணையங்களைத் தனித் தீர்மானம் மூலமாகவோ, ஒரு சட்டத்தின் பிரிவாகவோ, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்க்கப்படும் தனிப் பிரிவாகவோ அது அமைக்கும். உறுப்பினர்கள் யார், யார் நியமிப்பது, எதை ஆராய வேண்டும், எந்த நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பவை எல்லாம் அந்த ஒரு பத்தியிலேயே அடங்கியிருக்கும். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வினைச்சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். ‘ஆராயலாம்’ என்று இருக்கிறதா, ‘ஆராய வேண்டும்’ என்று இருக்கிறதா என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. ‘திட்டத்தின் பயனை மதிப்பிடுதல்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பயன் யாருக்கு என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. அதை நிரப்பும் பொறுப்பு உங்கள் கையில் வந்திருக்கிறது என்று பொருள்.

உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும்போது மேலே சொன்ன மூன்று சம்மதங்களையும் மனத்தில் கொள்ளுங்கள். கல்விக் கூட்டுக்குழுவின் தலைவர்களும் கல்வித்துறை ஆணையரும் இருப்பது மாநிலத்தின் தரப்பு. புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் நிர்வாகத் தலைவர்களான கண்காணிப்பாளர்களும் பள்ளிக் குழுவினரும் ஊரின் தரப்பு. பேருந்தில் போகும் பிள்ளைகளின் தரப்பில் எத்தனை இருக்கைகள்? அந்தத் திட்டத்தில் படித்து முடித்து இப்போது நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பாஸ்டனிலேயே இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு இடம் தராவிட்டால், ஆணையத்தின் ஆலோசனைக் குழுவாகவேனும் அவர்களை அழைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு சிறிய வேலை உண்டு. ஆனால் அதைத் தவறவிடக் கூடாது. மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டம், பொது அமைப்புகளின் கூட்டத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னர் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் சட்டமன்றமும் அதன் குழுக்களும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. உங்கள் ஆணையம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சட்ட ஆலோசகரிடம் எழுத்து வடிவில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பதில் எப்படி இருந்தாலும் கூட்டங்களைத் திறந்தே நடத்துவதுதான் நல்லது. மூடிய அறையில் எழுதப்பட்ட அறிக்கையை, பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பணம் போகும் வழியைப் பின்தொடருங்கள்

பிறர் அவசரமாகக் கடந்துவிடும் இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மெட்கோவுக்கான பணம், மாநில வரவுசெலவுத் திட்டத்தில் 7010-0012 என்ற கணக்குத் தலைப்பின்கீழ் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒதுக்கப்படுகிறது. சட்டம் திட்டத்தை அனுமதிக்கிறது; ஆனால் இவ்வளவு தொகை கட்டாயம் தர வேண்டும் என்ற நிரந்தர வாக்குறுதி அதில் இல்லை. பொருளாதாரம் தளரும் ஆண்டில் இந்தத் தலைப்பு வெட்டப்படக்கூடும்; அப்போது ஊர்கள் பேருந்து வழித்தடத்தையோ ஆலோசகர் பணியிடத்தையோ குறைத்துச் சமாளிக்க வேண்டியதாகும்.

கல்வித்துறை இப்பணத்தை ஏற்கும் மாவட்டங்களுக்கு மானியமாகப் பிரித்துத் தருகிறது. அதிலிருந்து மெட்கோ இயக்குநரின் சம்பளம், பேருந்துச் செலவு, பாடத்துக்கு அப்பாற்பட்ட உதவிகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புநோக்க, பிள்ளை வேறு மாவட்டத்துப் பள்ளியைத் தெரிவு செய்ய இடம் தரும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளை குடியிருக்கும் மாவட்டமே ஏற்கும் மாவட்டத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பொது வரம்பு 5,000 டாலர். மெட்கோவில் அப்படி நகரத்தின் கையிலிருந்து ஊருக்குப் பணம் மாறுவதில்லை. பாஸ்டனுக்கும் புறநகருக்கும் இடையே பெரிய பூசல் மூளாமல் இருப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆணையம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் தொகைக்கும், அந்த ஊர் தன் சொந்தப் பிள்ளை ஒருவருக்குச் செலவிடும் தொகைக்கும் இடைவெளி எவ்வளவு? அந்த இடைவெளியை ஊர் ‘கூடுதல் செலவு’ என்கிறதா, அல்லது வகுப்பில் ஏற்கெனவே காலியாக இருந்த இருக்கைதான் என்கிறதா? சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவரின் செலவை யார் ஏற்கிறார்கள்? மாநிலத்தின் பொதுக் கல்வி உதவித்தொகையைக் கணக்கிடும்போது அந்த மாணவர் எந்த மாவட்டத்தின் தலைக்கணக்கில் வருகிறார்? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அறையில் சிறிது நேரம் அமைதி நிலவும்; பதிலோடு வரும் அட்டவணையைப் பொறுமையாகப் படியுங்கள்.

மற்ற மாநிலங்கள் இதை எப்படிக் கையாண்டன என்பதும் இங்கே பயன்படும். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு பகுதியில், பள்ளிகளில் நிலவிய இனப் பிரிவினை தொடர்பாக 1996இல் வந்த ஷெஃப் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு விரிவடைந்த ‘ஓப்பன் சாய்ஸ்’ என்ற பள்ளித் தெரிவுத் திட்டத்தில், ஏற்கும் ஊர் எவ்வளவு விகிதம் மாணவர்களை எடுக்கிறதோ அதற்கேற்பத் தலைக்கான தொகை 3,000 டாலரிலிருந்து 8,000 டாலர் வரை படிப்படியாக உயரும்படி சட்டம் வகுக்கப்பட்டது. நான்கைந்து பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பெயர் வாங்கிக்கொள்ளும் ஊருக்கும், நூறு பிள்ளைகளுக்கு இடம் தரும் ஊருக்கும் ஒரே விலை வைக்கக் கூடாது என்பது அதன் உள்ளர்த்தம். விஸ்கான்சினில் 1976 முதல் நடந்த ‘சாப்டர் 220’ திட்டம், அனுப்பும் மாவட்டம், ஏற்கும் மாவட்டம் ஆகிய இரண்டுக்குமே மாநில நிதி கிடைக்கும்படி அமைந்திருந்தது. அங்கே 2015ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டம் புதிய சேர்க்கையை நிறுத்தியது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் மட்டும் படிப்பைத் தொடர்ந்தார்கள். மாநிலத்தின் சம்மதம் ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் சில வரிகளில் விலகிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை.

யாரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

மெட்கோ மாணவர்களில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களின் விகிதம் பாஸ்டன் பொதுப் பள்ளிகளின் சராசரியைவிட உயர்ந்தது என்று ஒரு தரப்பு சொல்லும். அதே மாணவர்களின் தேர்வு மதிப்பெண் புறநகர் வகுப்புத் தோழர்களைவிடக் குறைவு என்று மற்றொரு தரப்பு சொல்லும். இரண்டையும் மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வையுங்கள். குழந்தையை இத்தகைய திட்டத்தில் பதிவு செய்து, பல ஆண்டுகள் காத்திருந்து, விடியும் முன் எழுப்பி அனுப்பும் குடும்பம் சராசரிக் குடும்பம் அன்று. அந்தக் குடும்பத்தின் பிள்ளை நகரத்திலேயே படித்திருந்தாலும் ஓரளவு முன்னேறியிருக்கக்கூடும். மறுபுறம், புறநகர்த் தோழரின் வீட்டு வருமானமும் பெற்றோரின் படிப்பும் வேறு.

நியாயமான ஒப்பீடு, விண்ணப்பித்து இடம் கிடைத்த பிள்ளைக்கும், விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இடையில்தான். இரு குடும்பங்களின் விருப்பமும் ஒன்றே. பெரும்பாலும் வாய்ப்பு மட்டுமே வேறு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் எலிசபெத் செட்ரென் இவ்வழியில் ஆராய்ந்து, இடம் கிடைத்தவர்களிடம் தேர்வு மதிப்பெண், பள்ளி வருகை, கல்லூரிச் சேர்க்கை ஆகியவை உயர்ந்ததைக் காட்டினார். முன்பு பெற்றோர் தம் பிள்ளை மிகச் சிறியதாக இருக்கும்போதே காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி வைப்பார்கள். பின்னர் அந்த முறை மாறிக் குலுக்கல் வந்தது. குலுக்கல் ஆராய்ச்சியாளருக்கு நல்ல வரம். பட்டியலில் பெயர் எழுதி நெடுநாள் காத்திருந்த தாய்க்கு அது அப்படித் தோன்றியிருக்குமா என்பது வேறு விஷயம்.

ஏற்கும் ஊரின் பிள்ளைகளுக்குப் பாதிப்பு உண்டா என்ற கேள்வியை விசாரணைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கியேனும் எழுப்புவார். அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், கெவின் லாங் ஆகியோர் மெட்கோ மாணவர்களை ஏற்கும் புரூக்லைன் பள்ளி மாவட்டத்தின் தரவுகளை வைத்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், மெட்கோ மாணவர்களின் வருகையால் உள்ளூர் மாணவர்களின் மதிப்பெண்ணில் பொருட்படுத்தத்தக்க பாதிப்பு பெரும்பாலும் இல்லை என்று கண்டனர். ஆங்க்ரிஸ்ட் 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

தரவு கேட்கும் முறை எளிது. மாநிலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி அடையாள எண் உண்டு. அதைக் கொண்டு ஒரு பிள்ளை மாவட்டம் மாறினாலும் பின்தொடர முடியும். ஆணையம் கல்வித்துறையிடம் நேரடியாகக் கேட்கலாம். வெளியிலிருந்து கேட்பவர்கள் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் மனு கொடுத்தால், பத்து வேலை நாட்களுக்குள் முதல் பதில் வர வேண்டும். ஆனால் 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்வித் தனியுரிமைச் சட்டம் மாணவரின் அடையாளத்தைக் காக்கிறது. ஒரு சிறு ஊரின் எட்டாம் வகுப்பில் மூன்று மெட்கோ மாணவர்களே இருந்தால், அந்த எண்ணை வெளியிட்டாலே யார் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அத்தகைய இடங்களில் பல ஆண்டுகளைச் சேர்த்தோ, பல ஊர்களைச் சேர்த்தோ கணக்கெடுங்கள்.

மதிப்பெண்ணோடு நிறுத்திவிட வேண்டாம். இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் மெட்கோ மாணவர்களின் பங்கு, கூடுதல் கடினமான உயர்தரப் பாடப்பிரிவுகளில் அவர்களின் பங்கு, பாதியில் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை, மாலை விளையாட்டுப் பயிற்சிக்குப் பிறகு கிளம்பும் பேருந்து எத்தனை நாள் ஓடியது என்ற பதிவேடு ஆகிய நான்கையும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் கேட்டு வாங்குங்கள். ஒரே கட்டடத்துக்குள் அமர்ந்திருந்தும் வேறு வேறு வகுப்பறைகளில் பிரிக்கப்பட்டால், அங்கே ஒருங்கிணைப்பு நடக்கிறதா என்பதை இந்த எண்களே சொல்லும். திட்டத்தின் மறுஆய்வு என்ற பெயரில் பேருந்தில் வரும் பிள்ளையை மட்டும் அளந்து, அவரை வரவேற்ற பள்ளியை அளக்காமல் விட்டுவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

கேட்கும் கூட்டங்கள்

கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் யார் பேசுவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். பீக்கன் குன்றில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தில் வேலைநாளின் முற்பகலில் கூட்டம் வைத்தால், சம்பளம் பெற்று வருபவர்களே வருவார்கள். ஒரு கூட்டத்தையேனும் மாலையில், பாஸ்டனின் கறுப்பினக் குடும்பங்கள் மிகுந்த ராக்ஸ்பரி பகுதியில் வையுங்கள். ஸ்பானிஷ், ஹெய்த்திய கிரியோல், கேப்வெர்டிய கிரியோல் மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். மற்றொன்றை ஏற்கும் ஊரிலும் இன்னொன்றை ஸ்பிரிங்ஃபீல்டிலும் நடத்துங்கள். அந்நகரத்தை மறந்துவிடுவது பாஸ்டன்காரர்களின் பழைய நோய்.

மாணவரைப் பேச அழைத்தால், பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, பெயரில்லாமலும் பேசலாம் என்ற வாய்ப்பைத் தாருங்கள். நாளை அதே பள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டிய பிள்ளை அது. சாட்சியம் அளிக்கும் நீங்கள் பெற்றோராக இருந்தால், மூன்று நிமிடங்களே கிடைக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள்: உங்கள் ஊர், ஒரு நிகழ்ச்சி, ஒரு கோரிக்கை. நீண்ட எழுத்து வடிவத்தைத் தனியே ஒப்படையுங்கள். அறிக்கை எழுதும் அலுவலர் மேற்கோள் எடுப்பது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

நீதிமன்றம் வரைந்த கோடுகள்

பரிந்துரை எழுதத் தொடங்கும் முன் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1974இல் டெட்ராய்ட் நகரம் தொடர்பான மில்லிகன் வழக்கில், தவறிழைத்ததாக நிறுவப்படாத புறநகர் மாவட்டங்களை நகரத்தோடு கட்டாயமாக இணைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஊர் எல்லையைத் தாண்டும் திட்டங்கள் பெரும்பாலும் தன்னார்வத் திட்டங்களாகவே இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். 2007இல் சியாட்டில் பெற்றோர் வழக்கில், ஒரு தனி மாணவருக்கு அவருடைய இனத்தைப் பார்த்து இடம் தருவதையோ மறுப்பதையோ அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் தடுத்தது. ஆயினும் நீதிபதி கென்னடி தனியே எழுதிய கருத்து, பள்ளி அமையும் இடத்தைத் தேர்வது, சேர்க்கை எல்லையை வரைவது போன்ற பொதுவான வழிகளுக்குக் கதவைத் திறந்து வைத்தது. பாஸ்டனின் நுழைவுத்தேர்வுப் பள்ளிகள் அஞ்சல் குறியீட்டு வாரியாக இடங்களைப் பகிர்ந்த முறையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் ஏற்றது. அதை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் விசாரணைக்கு எடுக்கவில்லை. எனவே தகுதி விதியை மாற்றச் சொல்லும் எந்தப் பரிந்துரையும், குடியிருப்பு, வருமானம், குலுக்கல் ஆகியவற்றின் சொற்களில் எழுதப்படுவதே பாதுகாப்பு. வரைவை அரசுத் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்தின் பார்வைக்கு முன்கூட்டியே அனுப்பலாம்.

பரிந்துரையும் நாட்காட்டியும்

ஒவ்வொரு பரிந்துரையையும் மூன்று சம்மதங்களின் மீதும் உரசிப் பாருங்கள். ஏற்கும் ஊர்கள் ஆண்டறிக்கை தர வேண்டும் என்பது நல்ல யோசனை. ஆனால் பணியாளர் செலவு தராமல் ஐம்பது பக்கப் படிவத்தைத் திணித்தால், சிறிய ஊரின் பள்ளிக் குழு அடுத்த கூட்டத்திலேயே விலகுவதற்கு வாக்களிக்கலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மாணவர் எண்ணிக்கையை உயர்த்தச் சொல்வதும் அப்படியே: இருக்கை இருக்கிறதா, பேருந்து ஓட்டுநர் கிடைக்கிறாரா, பயண நேரம் ஒரு மணிக்கு மேல் போகுமா என்பதைக் கேட்ட பின்னரே எண்ணை எழுதுங்கள். திட்டம் முடிவுக்கு வரும் வாய்ப்பைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். செயின்ட் லூயிஸில் 1983ஆம் ஆண்டு உடன்பாட்டில் பிறந்து, ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நகரத்துப் பிள்ளைகளைப் புறநகருக்கு அனுப்பிய திட்டம், புதிய சேர்க்கையை நிறுத்தியபோது, சேர்ந்துவிட்ட பிள்ளைகள் படித்து முடிக்கலாம் என்ற உறுதி அவர்களைக் காத்தது. அத்தகைய உறுதியைச் சட்ட வாசகத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆளுநரின் வரவுசெலவு முன்மொழிவு பொதுவாக ஜனவரியில் வருகிறது. பிரதிநிதிகள் சபை ஏப்ரலிலும் செனட் மே மாதத்திலும் அதை எடுத்துக்கொள்கின்றன. நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அறிக்கை மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தால் அதன் பணப் பரிந்துரைகள் ஓராண்டு காத்திருக்கும். இலையுதிர் காலம் முடிவதற்குள் இறுதி வரைவு தயாராகும்படி பின்னோக்கிக் கணக்கிட்டுக் கூட்டங்களை வையுங்கள். இரு அவைகளின் எழுத்தர்களிடமும் அறிக்கையை ஒப்படைத்ததோடு, நிதிக் குழுக்களின் தலைவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி நேரில் போகட்டும். முன்மொழியும் சட்டத் திருத்தத்தின் முழு வாசகமும் அதில் பின்னிணைப்பாக இருக்க வேண்டும்.

ஆணையம் கலைந்த பின்னர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்ட வரவுசெலவுச் சட்டத்தைத் திறந்து, 7010-0012 என்ற தலைப்பின்கீழ் உள்ள பத்தியை முந்தைய ஆண்டின் பத்தியோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தொகை கூடியிருக்கிறதா என்பதோடு, நிபந்தனை வாசகங்களில் எந்தச் சொல் புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்பதையும் குறித்து, உங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.